சிக்னல் விழுந்தால் பேச்சு நிற்கும்

இன்று சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, நானும் எதிர்வீட்டு மெஹருன் அக்காவும் தெம்பனிஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்ப பஸ் ஏறினோம்.

கொஞ்ச காலமாக அக்காவை எங்கே கூப்பிட்டாலும் முட்டிவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். இன்றுதான் அதிசயமாகக் கிளம்பி வந்தார்.

வழியெல்லாம் சம்பந்தி வீட்டுக் கதை. ஆனால் சிக்னலில் பஸ் நின்றால் அக்காவின் பேச்சும் நின்றுவிடும். கன்னம் உப்பி, பார்வை ஜன்னலுக்குப் போய்விடும். பச்சை விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து கதை தொடரும்.

“என்னக்கா ஆச்சு?”

சுற்றிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். “தும்முனா, சிரிச்சா கொஞ்சம் யூரின் வந்துடுதுடி. முட்டிவலியெல்லாம் சும்மா. யூரின் அடக்குற மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கி, அப்புறம் விடணும்னு ஆஸ்பத்திரி ஃபிசியோதெரபி பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. மறந்துடக் கூடாதுன்னு சிக்னலுக்கு சிக்னல் செய்றேன். யாருக்குத் தெரியப்போகுது லா!”

“அதுக்கு மூச்சைப் பிடிக்கக் கூடாதுக்கா. மூச்சு விட்டுக்கிட்டே செய்யணும்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கெப்படிடி தெரியும்?”

மாட்டிக்கொண்டேன். இரண்டாவது பிரசவத்திலிருந்து நானும் அதே கேஸ்தான்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டு அங்கிள் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் அக்கா ஒரு கணம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என் கையை இறுகப் பிடித்து, “ஒண்ணும் ஆகலடி!” என்றார்.

அடுத்த சிக்னலில் இருவருமே கப்சிப்.

பஸ்ஸில் திடீரென்று பேச்சை நிறுத்தும் தோழிகளே, நீங்களும் எங்கள் கட்சிதானா? கூச்சப்படாமல் சொல்லுங்கள். மூச்சை மட்டும் பிடிக்காதீர்கள்.