குணதாச சொன்ன தமிழ்

நேற்று எங்கள் அன்புவழிபுரத்து மதிலில் யாரோ தேர்தல் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடியை வீட்டுக்குள் வைத்துவிட்டதால் என்ன கட்சி என்று வாசிக்க முடியவில்லை. மூக்குக்குக் கண்ணாடி வேண்டாமே. காய்ச்சிய கோதுமை மாவும் மயில்துத்தமும் கலந்த அந்தப் பசை மணம் என்னை நேரே குணதாசவின் குசினிக்குக் கொண்டுபோனது. அங்கேதான் அவன் மனைவி கட்சிக்குப் பசை காய்ச்சுவாள்.

குணதாச துறைமுகக் களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்தவன், தெற்கே காலிப் பக்கத்துச் சிங்களவன். அவனும் ஓர் இளம் பிக்குவும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் சேர்ந்து, பஞ்சசீலத்தை அரசியலுக்குக் கொண்டுவரவென்று கட்சி தொடங்கினார்கள். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒழுகும் அறை, சில கதிரைகள், அவ்வளவுதான்.

என்னையும் கூப்பிட்டான்.

"நான் வேதக்காரன். எனக்கு அங்க என்ன வேலை?" என்றேன்.

"கொல்லாத, களவெடுக்காத, பொய் சொல்லாத. உங்கட சேர்ச்சிலயும் இதுதானே சொல்லுற, மச்சான்?"

போனேன். கொள்கைகளைத் தமிழில் எழுதினேன். முதல் பொதுக்கூட்டத்தில் நானே வாசிப்பதாக ஏற்பாடு. களஞ்சியத்தில் சாக்குகளுக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுவேன். குணதாச சிரித்தபடி கேட்டிருப்பான்.

கூட்டத்தன்று கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். தமிழ் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். பிக்கு நிலத்தைப் பார்த்தார். கலியாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கிய சட்டையோடு வந்திருந்த நான், சனத்துக்குள் போய் நின்றுகொண்டேன்.

குணதாச மேடையில் ஏறினான். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டே பாடமாக்கியிருந்த என் வரிகளைச் சொல்லத் தொடங்கினான். யாரோ மைக்கை நிறுத்தினார்கள். அவன் நிறுத்தவில்லை. கடைசி வரிவரை தொண்டை கிழியச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

திரும்பும் வழியில் கேட்டான்: "பிழையா சொன்னதா நான்?"

"இல்லை. எல்லாம் சரி." ழகரமெல்லாம் லகரமாகித்தான் இருந்தது.

அதன்பிறகு கட்சி எங்கள் இருவரையும் கூப்பிடவில்லை. அவன் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். கட்சி வளர்ந்தது. ஓய்வுபெறும்வரை மத்தியானங்களில் நான் கப்பல்களைப் பார்த்தபடி தனியே சாப்பிட்டேன்.

சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. போன வருடம் குணதாசவின் மகள் அழைத்தாள், அப்பா போய்விட்டார் என்று. சிங்களத்தில் அவள் சொன்னதெல்லாம் விளங்கியது. ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடினேன். அவனோடு தினமும் தமிழோடு கலந்து பேசிய மொழி, ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை தமிழில் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.