நோகாத இடம்

இரண்டு வருடங்களுக்கு முன் நயினாதீவில், எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. என் கணவர் தென்னிலங்கையில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். நீரிழிவு முற்றி இன்சுலின் போடவேண்டி வந்தது. அவருக்குக் கை நடுங்கும். காலையும் மாலையும் நான்தான் ஊசி போடுவேன்.

தொப்புளுக்கு இடப்பக்கம் ஓரிடத்தில் குத்தினால் அவருக்கு நோவதே இல்லை. இடம் மாற்றி மாற்றிப் போடச் சொல்லித்தான் ஆசுபத்திரியில் அனுப்பியிருந்தார்கள். நோகாத இடம் இருக்கும்போது மனுசனை ஏன் வதைக்கவேணும் என்று நான் அங்கேயே போட்டேன். என் கைராசி என்று பெருமை வேறு.

சில மாதங்களில் இரத்தத்தில் சீனி ஏறத் தொடங்கியது. எனக்கு உடனே பனங்கட்டியில்தான் சந்தேகம். முன்பெல்லாம் பனங்கட்டி கடிக்காமல் அவருக்குத் தேத்தண்ணீர் இறங்காது.

“நான் தொடேல்லையப்பா” என்றார்.

நான் நம்பவில்லை. பனங்கட்டி இருந்த ஓலைக் குட்டானை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். கனடாவில் இருக்கும் மகளிடமும் கோள் சொன்னேன். அவள் தொலைபேசியில் தகப்பனைச் சின்னப்பிள்ளையை ஏசுவதுபோல ஏசினாள். அதன்பிறகு அவர் தேத்தண்ணீர் கேட்பதையே விட்டுவிட்டார்.

காலில் வந்த புண் ஆறாமல் கறுத்தபோதுதான் படகேறிக் குறிகட்டுவான் துறைக்கு வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். அங்கே ஒரு தாதி அவருடைய வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் அழுத்தினாள். உள்ளே பலாக்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது.

“ஒரே இடத்திலை குத்திக் குத்தி, தோலுக்குக் கீழை இருக்கிற கொழுப்பு கட்டிபட்டுப் போச்சு அம்மா. அதிலை குத்தினால் நோகாதுதான். ஆனால் மருந்து உடம்பிலை ஒழுங்காச் சேராது.”

அப்போ சீனியை ஏற்றியது பனங்கட்டியில்லை, என் ஊசிதான். ‘பார்த்தீரோ’ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை, புது இடத்தில் மருந்து முழுதாகச் சேரும் என்று வைத்தியர் குறைத்துத் தந்த அளவில் மருந்தெடுத்துத் தொடையில் போட்டேன். அவர் முகம் சுருங்கியது. “நோகுதோ?” என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“சீச்சீ, நோகேல்லை. நீர் போடும்.”

புண் காலோடு நிற்கவில்லை. மாரி முடியுமுன் அவர் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன், கேட்காமலே விட்டுவிட்டேன். அந்த அலுமாரித் திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எனக்குத் தெரிய அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய் ‘நோகேல்லை’ என்பதுதான். அவர் சொன்ன உண்மையை நம்பாத எனக்காகத்தான் அதையும் சொன்னார்.