மதுரை பஸ்ஸில் வந்த நாலு கோல்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி வெளியூரில் ஆடினால், முடிவு தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே இடம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டுதான். ரேடியோவில் கிரிக்கெட் சொல்வார்கள். எங்கள் ஆட்டத்தை யார் சொல்லப் போகிறார்கள்? மறுநாள் பேப்பரில் வந்தால் உண்டு, அதுவும் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டு. அதனால் ஆட்டம் நடக்கும் ஊரிலிருந்து எந்த பஸ் வந்தாலும் ஓடிப்போய் விசாரிப்போம்.

அந்த வருடம் முதல்முறையாக இறுதி ஆட்டம். மதுரையில். கல்லூரி முதல்வர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் லீவு கொடுத்தார். நாங்கள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கூடினோம். எங்களில் ஏழாயிரம்பண்ணை ஊர்க்காரன் ஒருவன். அவன் மாமாவுக்குப் பட்டாசுக் கம்பெனி. ஜெயிப்போம் என்று அவனுக்கு எவ்வளவு நம்பிக்கை என்றால், மாமாவின் லோடு லாரியிலேயே ஏறி ஒரு பெரிய சரவெடியோடு வந்து நின்றான்.

முதல் பஸ்ஸில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர் மைதானத்தில் நின்று ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவர்.

"அண்ணாச்சி, கோல் விழுந்துச்சா?"

"நாலு விழுந்துச்சுல்ல."

"யாரு பக்கம்?"

"ஒங்க பக்கந்தான்."

அடுத்து அவர் என்ன சொன்னார் என்று கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை. பக்கத்துப் பொட்டலில் சரவெடியை விரித்துப் பற்றவைத்தோம். போலீஸ்காரர் ஒருவர் லத்தியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "நாலு கோலா?" என்று கேட்டு எங்களுக்குக் கை கொடுத்தார். பூக்கடை அக்காவிடம் ஒரு ரோஜா மாலை வாங்கி வைத்துக்கொண்டோம்.

அடுத்த பஸ்ஸில் அணி வந்தது. முதலில் இறங்கியவன் கோல்கீப்பர். முகம் தொங்கிப் போயிருந்தது. களைப்பு என்று நினைத்து, மாலையைப் போட்டுத் தோளில் தூக்கிவிட்டோம்.

"ஏலே, எறக்கி விடுங்கலே" என்றான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

கேப்டன் பஸ் படியிலேயே நின்று பார்த்தான். "எதுக்குலே இதெல்லாம்?"

"நாலு கோல் போட்டதுக்கு" என்றான் ஏழாயிரம்பண்ணைக்காரன்.

"நாலும் அவனுக போட்டது."

தூக்கியவர்களுக்கு, கோல்கீப்பரை இறக்குவதா வைத்திருப்பதா என்று புரியவில்லை.

போலீஸ்காரர் முன்னால் வந்தார். "அப்ப தோத்துட்டீகளா? பெறகு எதுக்கு வெடி போட்டீக?"

தோள்மேல் இருந்தபடியே கோல்கீப்பர்தான் பதில் சொன்னான். "சார், இன்னும் நெறைய விழ வேண்டியது. நான் புடிச்சுட்டேன். அதுக்குத்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவன் மாலையைக் கழற்ற மறுத்துவிட்டான். டீ குடிக்கும்போதும் கழுத்தில் கிடந்தது. அப்படியே சொந்த ஊரான வெம்பக்கோட்டைக்கு பஸ் ஏறினான். மாலையும் கழுத்துமாக வாசலில் நின்ற மகனைப் பார்த்த அவன் அம்மா, பின்னால் பொண்ணு யாரும் நிற்கிறாளா என்றுதான் முதலில் எட்டிப் பார்த்தாராம். பந்தாட்டத்தில் தோற்றது மட்டுந்தான் என்று தெரிந்ததும், நிம்மதியாகச் சோறு போட்டாராம்.