பதர் ஒட்டிய பச்சை வலை

என் தாய்மாமா தம் வாழ்நாளில் கண்டுபிடித்தது ஒரே ஒரு இயந்திரம்தான். கம்பி வலைக்குப் பெயிண்ட் அடிக்கும் இயந்திரம். அதற்கு முன்னால் அவர் கண்டுபிடித்தவை எல்லாம் சாக்குப்போக்குகள் என்பார் அப்பா. அப்பாவுக்கு மச்சினன் மேல் அப்படி ஒரு பிரியம். ஒரு நாள் கேலி செய்யாவிட்டாலும் சாப்பாடு இறங்காது.

மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் கரையில் எங்கள் வீடும் மாமா வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுச்சுவரில் ஒரு கதவு. அது ராத்திரி தவிர எப்போதும் திறந்தே கிடக்கும். எனக்குப் பசித்தால் எந்த வீட்டில் வாசனை நன்றாக வருகிறதோ அந்த வீட்டில் சாப்பிடுவேன். மாமா துபாயில் வெல்டர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை விடுப்பில் வருவார். அவர் சம்பாதித்து வாங்கிப் போட்ட வலை பின்னும் மெஷினைக் கொல்லைக் கொட்டகையில் வைத்து, இரண்டு பெண்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அத்தை ஓட்டிவந்தாள். ஜன்னலுக்கு, கோழிக்கூண்டுக்கு, தோட்ட வேலிக்கு என்று கேட்கிறவர்களுக்குக் கேட்ட அளவில் பின்னிக் கொடுப்பாள்.

மாமா விடுப்பு முடிந்து கிளம்பும் நாள் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வேன் ஏறும்வரை அத்தை சிரித்தபடி நிற்பாள். வேன் திரும்பியதும் நடுக்கதவு வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அம்மா அவள் பங்குக்கும் சேர்த்து உலை வைப்பாள். அப்பாகூட அன்றைக்குக் கேலி பேச மாட்டார்.

அத்தையின் வியாபாரத்துக்கு ஒரே எதிரி துரு. சாதா இரும்புக் கம்பி எங்கள் பக்கத்து ஐப்பசி மழையில் ஒரு மாதம் நின்றால் போதும், தொட்ட விரல் சிவந்துவிடும். பெயிண்ட் அடித்துக் கொடு என்பார்கள். பிரஷ்ஷால் அடித்தால் வலையின் கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும். வலையில் கம்பியைவிட ஓட்டைதானே முக்கியம்! என் கையில் ஒரு ஈர்க்குச்சியைக் கொடுத்து உட்கார வைப்பாள். நான் ஒரு கண்ணைக் குத்தித் திறப்பதற்குள் பக்கத்துக் கண் மூடிக்கொள்ளும். என் பள்ளிக்கூடப் பாவாடைகள் எல்லாம் பச்சைப் புள்ளி போட்ட பாவாடைகள் ஆனது அப்படித்தான்.

அந்த வருஷம் குறுவை அறுப்பு சமயத்தில் மாமா வந்தார். கீழ்வேளூரில் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல்கள், மாடி வராந்தா, சமையற்கட்டு எல்லாவற்றுக்கும் பச்சை வலை வேண்டும் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார். அங்கே கடற்காற்று வேறு, பெயிண்ட் அடிக்காத வலை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பிரஷ்ஷை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அத்தனை வலையையும் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் அடித்து முடிக்க முடியும். மாமா கொட்டகையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொன்னார்:

"இதுக்கு ஒரு மெஷின் பண்றேன். அது ஓடிச்சுன்னா நான் திரும்பிப் போகல. இங்கயே இருந்துக்கறேன்."

அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமாவின் இலையில் ரசம் ஓடி வெளியே வந்து பாயை நனைத்த பிறகுதான் கரண்டி நின்றது.

அன்றிலிருந்து எனக்கு அந்த மெஷின் மேல் ஒரே கண். கரும்பு ஜூஸ் வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு உருளைகள், பழைய கிரைண்டரின் மோட்டார், சைக்கிள் செயின், பெரிய டிரம்மை நெடுக்காக வெட்டிச் செய்த தொட்டி, இவ்வளவுதான் சாமான். வலை தொட்டியில் இருக்கும் பெயிண்டில் முங்கி எழுந்து, உருளைகளின் நடுவில் பிழியப்பட்டு, இரண்டு தென்னை மரங்களுக்கிடையே கட்டிய குழாய்களின் மேல் ஏறிக் காய வேண்டும். "கரும்பு போட்டா ஜூஸ் வருமா மாப்ள?" என்று அப்பா நாளுக்கு ஒரு தடவையாவது நடுக்கதவில் நின்று கேட்டுவிட்டுப் போவார். மாமா வாயில் ஸ்பேனரைக் கவ்விக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார்.

ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் பிழிந்த பிறகும் வலைக்கண்களில் பால் ஏடு மாதிரி மெல்லிசாகப் பெயிண்ட் நின்றது. அதை ஊதித் தள்ளினால் வேலை முடிந்தது. வீட்டு டேபிள் ஃபேன் அதற்குப் போதவில்லை. பலமான காற்றுக்கு எங்கே போவது என்று எங்கள் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். நெல் தூற்றும் ஃபேன்தான். அது எதிரில் நின்றால் என் பின்னல் படுக்கைவாட்டில் பறக்கும். அப்பாவின் களத்தில் அப்போது அது பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. மண்டபக்காரர் பார்க்க வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை காலையில், களத்து வேலையை நிறுத்திவிட்டு அப்பாவே அதை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இறக்கும்போதும் கேலி செய்துகொண்டுதான் இறக்கினார்.

வெள்ளிக்கிழமை, புது மெஷின். பூஜை இல்லாமல் ஆகுமா? அத்தை தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, மோட்டாருக்கும் உருளைகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஃபேனுக்குப் பெரிதாக ஒரு பொட்டு வைத்துச் சாமந்தி மாலை போட்டாள். அம்மா சூடம் காட்டினாள். அப்பா தேங்காய் உடைத்தார். நான் எலுமிச்சம்பழம் வைத்தேன். அத்தனை பேர் அந்த ஃபேனைத் தொட்டுக் கும்பிட்டோமே, அதை ஒரு துணி எடுத்துத் துடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பொட்டு வைத்த பொருளை யார் துடைப்பார்கள்?

மண்டபக்காரர் காரில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், காபி குடித்துவிட்டு வசதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மாமா மாலையைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் போட்டார். பச்சைப் பசேலென்று வலை எழுந்து வந்தது. அத்தை கை கூப்பியபடி நின்றாள். மாமா ஃபேன் சுவிட்சைத் தட்டினார். களத்தில் அத்தனை நாளாக அதன் றெக்கையிலும் பின்பக்கத்துச் சட்டத்திலும் அப்பிக் கிடந்த பதரும் தூசியும் சுணையும் ஒரே மூச்சில் கிளம்பின. கண்ணை மூடித் திறந்தேன். வலை முழுக்கப் பதர். ஒரு கண் பாக்கியில்லை.

மண்டபக்காரர் சட்டையைத் தட்டிக்கொண்டே எழுந்து வந்து, வலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னங்க தம்பி, பச்ச வலை கேட்டேன். நீங்க நெல்லு காயப்போட்டுக் குடுக்கிறீங்களே!"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போகும்போது, சரிபண்ணிவிட்டு ஒரு போன் போடுங்கள், இல்லாவிட்டால் திருச்சியில் வலைக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் மாமாவின் காதில் அதெல்லாம் விழுந்ததாகத் தெரியவில்லை. முகத்திலும் மீசையிலும் பதர் ஒட்ட நின்றவர், "போதும். நாளைக்கே டிக்கெட் போட்டுடறேன்" என்றார். அப்பா அன்றைக்கு மாப்ள என்று வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெஷினுக்காக இல்லை, அத்தை மறுபடியும் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துப் படுப்பாளே என்பதற்காக.

அன்று சாயங்காலம் பசித்தது. அத்தை வீட்டுப் பக்கம் போனேன். அவள் பீரோவிலிருந்து மாமாவின் பாஸ்போர்ட்டை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சமையலறையில் இருந்த அரிசி டிரம்முக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு உள்ளே வைத்தாள். பிறகு மேலே அரிசியைத் தட்டிச் சமப்படுத்தினாள். எனக்கு அது வினோதமாகப் பட்டது. அரிசிக்குள் சப்போட்டாவைத்தான் வைப்பார்கள், சீக்கிரம் பழுப்பதற்காக. பாஸ்போர்ட்டும் அப்படி ஏதோ ஆக வேண்டியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு, அவள் கொடுத்த முறுக்கைத் தின்றபடி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் டிராவல்ஸ் ஆபீசுக்குக் கிளம்பிய மாமா பாஸ்போர்ட்டைக் கேட்டார். பீரோவில் இல்லை. அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த மாதிரி ஒரு தேடலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அத்தை மெத்தைகளைப் புரட்டினாள். சாமி படங்களின் பின்னால் கை விட்டாள். பரண்மேல் ஏறி, கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களை எல்லாம் கீழே இறக்கினாள். கோழிக்கூண்டுக்குள்கூடக் குனிந்து பார்த்தாள். "எங்கங்க போயிருக்கும்? இங்கதான வச்சேன்" என்று அவள் கண்கலங்கியதைப் பார்த்து என் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். எனக்கோ பொறுக்கவில்லை. பாவம், அத்தை மறந்துபோய்விட்டாள். அவள் முந்தானையை இழுத்துக் காதருகில், "அத்தை, அரிசி டிரம்முல..." என்று ஆரம்பித்தேன். முழுதாகச் சொல்லவில்லை, அதற்குள் ஒரு கடலை உருண்டை என் வாய்க்குள் வந்துவிட்டது. மத்தியானம் மறுபடி முயன்றேன். மறுபடி ஒரு உருண்டை. அதன் பிறகு அரிசி டிரம்மைப் பற்றி அவளிடம் பேசப் போகும்போதெல்லாம் எனக்கு லாபமாகவே இருந்தது.

தேடல் நாள்கணக்கில் நீண்டது. மாமாவால் சும்மா உட்கார முடியாது. "தேடிக்கிட்டு இருங்க, கொட்டகைல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஃபேனைப் பிரித்துப் போட்டு, சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிய ஃபேனும் கொல்லையில் கிடந்த தூசியை இழுத்து வலைமேல் ஊதியது. தலையில் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த மாதிரிச் சமயத்தில் அவருக்குப் பாஸ்போர்ட் ஞாபகம் வந்துவிடும், தேடலுக்கு ஒரு அதட்டல் போடுவார்.

அப்படி ஒரு காலையில் நான் அத்தை வீட்டு அடுப்பங்கரை வாசலில் இட்லிக்குக் காத்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் அத்தை பாய்களை உதறித் தேடிக்கொண்டிருந்தாள். கோழிகளுக்குப் போட மாமா டிரம்மைத் திறந்து அரிசி அள்ளக் கையை விட்டார். கை பாதியில் நின்றது. பிளாஸ்டிக் கவரின் ஒரு மூலை வெளியே வந்தது. மாமா அதைப் பார்த்தார். ஜன்னல் வழியாக அத்தையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கவரை உள்ளே அழுத்தி, அத்தை தட்டிய மாதிரியே அரிசியைத் தட்டிச் சமப்படுத்திவிட்டு, ஒரு கை அரிசியோடு கொல்லைக்குப் போய்ச் சத்தம் போட்டார்:

"இன்னும் கிடைக்கலயா? நல்லாத் தேடு!"

"தேடிக்கிட்டுத்தான இருக்கேன்!"

அன்று முழுக்க மாமா கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அத்தையிடம் பருத்திப் புடவை ஒன்று வாங்கி, காற்று வடிகட்டி வருகிற மாதிரி ஃபேனின் பின்பக்கம் முழுக்க இழுத்துக் கட்டினார். அத்தை கொடுத்தது நல்ல புடவை. பழசு இல்லையா என்று கேட்ட அம்மாவிடம், இது இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார்கள். ஃபேனைச் சற்றுச் சாய்த்து வைத்தார்கள். வலை தொட்டியிலிருந்து எழுந்து, பிழிபட்டு, காற்றின் முன்னால் வந்தது. ஏடுகள் ஒவ்வொன்றாக உடைந்து கண்கள் திறந்ததை நான் பார்த்தேன். அந்தப் பக்கம் நின்ற அத்தையின் முகம் வலை வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். மெஷின் ஓடினால் சிரிக்கத்தானே வேண்டும் என்று எனக்கு அது புரியவில்லை.

மண்டபக்காரர் மறுபடி வந்து, காய்ந்த வலையை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதன் வழியாக என் முகத்தில் ஊதினார். எனக்குக் கூச்சம். அவ்வளவுதான், வேலை எங்களுக்கே என்று சொல்லிவிட்டார். துபாயிலிருந்து போன் வந்தபோது மாமா பாஸ்போர்ட் தொலைந்துபோன கதையை வெகு துக்கமாகச் சொன்னார். நெல் தூற்றும் ஃபேன் எங்கள் களத்துக்குத் திரும்பி வரவே இல்லை. அப்பா புதிதாக ஒன்று வாங்கினார், "மாப்ளைக்குச் சீர் செஞ்சிட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

தீபாவளிக்குச் சற்று முன்னால் டிரம்மில் அரிசி அடிமட்டத்துக்கு வந்தது. அத்தை, "ஐயோ, இங்க பாருங்களேன்!" என்று கூவினாள். மாமா ஓடிவந்தார். கவரைப் பார்த்து, "அட, இங்கயா இருந்துச்சு!" என்று வாயைப் பிளந்தார். வைத்தவளுக்கும் ஞாபகமில்லை, பார்த்தவருக்கும் ஞாபகமில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். இந்த வயதிலேயே இப்படி மறந்தால், நாளைக்கு என்னையும் யாரென்று கேட்பார்களே!

பரீட்சை நேரத்தில் ஞாபகசக்திக்கென்று அம்மா எனக்கு வல்லாரைக் கீரைத் துவையல் அரைத்துத் தருவாள். நேராக வாய்க்கால் கரைக்கு ஓடினேன். மடி கொள்ளுமட்டும் வல்லாரையைப் பறித்துக்கொண்டு வந்து அத்தையின் எதிரில் கொட்டினேன். "நீயும் மாமாவும் தெனமும் சாப்புடணும்" என்றேன். எதற்கு என்று கேட்டாள். டிரம்மில் நான் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன், அவள் வைத்ததையும், மாமா எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்ததையும்.

இந்த முறை கடலை உருண்டை வரவில்லை. அத்தை மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா தரையில் கிடந்த கீரையைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அத்தை சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் துவையல் அரைத்தாள். மாமா இரண்டு தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் எதிரில் உட்கார்ந்து, எப்போது இவர்களுக்கு ஞாபகம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.