செவ்வாய், வியாழன், சனியில் மட்டும் கிளம்பாத கார்

தெருவார் பம்பு சார் என்று அழைத்த நீரேற்று நிலைய ஊழியர் 1941ஆம் ஆண்டு பிறந்தார். 2009ஆம் ஆண்டு மறைந்தார். இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த மலையூருக்குக் குடிநீர் ஏற்றினார். கடைசி ஏழு ஆண்டுகள் தம் அக்காவை வாரம் மும்முறை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "எங்க அக்கா ஒருத்தியோட சண்டை போடவே எனக்கு நேரம் பத்தல" என்பார்.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவர், தையல்காரர். ஊர்ப் பள்ளிச் சீருடைகளில் பாதி அவர் மிதித்த இயந்திரத்தில் பிறந்தவை. இளமையிலேயே கணவரை இழந்து, ஒரு தையல் இயந்திரத்தோடும் ஒரு கத்தரிக்கோலோடும் தம்பி வீட்டுக்கு வந்தவர். அவருடைய நாவு அந்தக் கத்தரிக்கோலுக்குச் சளைத்ததன்று. அறுபத்தாறாம் வயதில் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் காலை ஆறரை மணிக்கு ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் அருகே அவருக்கு ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டது. பத்தரைக்கு அதை அடுத்தவருக்கு விட வேண்டும். தாமதமாகப் போனால், போன நேரம் போனதுதான். மறுநாளே கால்கள் வீங்கிக்கொள்ளும்.

போக்குவரத்துக்கு இருந்தது சாம்பல் நிறப் பழைய டீசல் கார் ஒன்று. அதன் சாவியை ஒரு படி திருப்பினால், சுருள் வடிவச் சிறு விளக்கொன்று மஞ்சளாக எரியும். எஞ்சினுக்குள் ஹீட்டர் பிளக்குகள் சூடேறுகின்றன என்பது அதன் பொருள். விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் எடுத்து எஞ்சினைச் சுழற்ற வேண்டும். காத்திருக்கும் அந்தப் பதினைந்து விநாடிகளைப் பம்பு சார் மிகவும் விரும்பினார். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அவருடைய மூச்சே கண்ணாடியில் படிந்து உலகத்தை மங்கலாக்கும். தூக்கம் முழுதும் கலையாத மனத்தில் பம்ப்ஹவுஸ் மெல்ல மிதந்து வரும்: ஏரியின்மேல் ஆவி எழும் விடியல், காலடித் தரையில் அதிரும் மோட்டாரின் முனகல், இன்னும் சற்று நேரத்தில் குழாய்களைத் திறக்கப்போகும் ஆயிரம் கைகள். விளக்கு அணையும். எஞ்சின் இருமிக்கொண்டு விழித்துக்கொள்ளும். அவரும் விழித்துக்கொள்வார்.

2003ஆம் ஆண்டு ஜனவரியில் எஞ்சின் விழிக்க மறுத்தது.

பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை முதல் முறையாகக் கிளம்பவில்லை. கீழ்த்தெருவிலிருந்து டாக்சி வந்து சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. வியாழனும் அப்படியே. பிற்பகலில் பக்கத்து வீட்டாரின் உதவியால் காரைத் தள்ளிக் கிளப்பி, கடைவீதி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் தம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடும் பழக்கம் உடையவர். ஆனால் தொழிலில் சுத்தம்.

"சார், பேட்டரி புதுசு. நாலு ஹீட்டர் பிளக்கும் மாத்தியாச்சு. பில்டரும் மாத்தியாச்சு. இன்னும் மாத்தணும்னா உங்களைத்தான் மாத்தணும்."

"என்னை மாத்திட்டா எங்க அக்காவைச் சமாளிக்க வேற ஆள் கிடைக்காதுப்பா."

"அப்போ குளிர்தான் சார். டீசல் கெட்டியாயிடுது. ராத்திரி எஞ்சின் மேல ஒரு கம்பளியைப் போட்டு வைங்க."

பம்பு சார் தம்முடைய கம்பளியையே கொண்டுபோய் எஞ்சினுக்குப் போர்த்தினார். அக்கா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கால் ரெண்டும் விறைச்சுக் கிடக்கு. வண்டிக்குக் கம்பளி போத்தறான்! தாலாட்டும் பாடிட்டு வாடா."

சனிக்கிழமையும் கிளம்பவில்லை. அன்று இயந்திரத்தில் அக்காவுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம்தான். வீடு திரும்பியதும் அவர் நாற்காலியில் அமர்ந்து, வீங்கிய கணுக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது, நெடுநேரம் நிரம்பவில்லை.

"ஒண்ணு கவனிச்சியாடா? நீ கடைக்குப் போறப்போ சாவி போட்டதும் கிளம்புது. எனக்குன்னா மட்டும் முரண்டு பிடிக்குது. வண்டிக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல."

"என்ன தெரிஞ்சுது அதுக்கு?"

"போதும்னு."

அக்கா அழவில்லை; துணிக்கு அளவு சொல்லும் குரலில் பேசினார். "செவ்வாய்க்கிழமை ஒரு தடவை பார்ப்போம். கிளம்பினா வரேன். கிளம்பலேன்னா என்னை விட்டுடு. டாக்சி கீக்சின்னு ஓடக் கூடாது."

அளந்து வெட்டிய துணியை அக்கா ஒருநாளும் ஒட்டுப்போட்டதில்லை. இயந்திரத்தை நிறுத்தினால் இரண்டு வாரம் தாங்குவது அரிது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

சனி பிற்பகலே தள்ளிக் கிளப்பி வைத்திருந்த காரை ஞாயிறு காலை சோதித்தார். முதல் சுற்றிலேயே கிளம்பியது. திங்கட்கிழமை அந்த மாதத்திலேயே கொடிய குளிர்; முற்றத்து வாளியில் தண்ணீர் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. அன்றும் கிளம்பியது. குளிர்தான் திருடன் என்றால், கதவு அகலத் திறந்து கிடந்த நாளில் அவன் ஏன் வரவில்லை? பகல் முழுதும் இதே யோசனை. சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் சாப்பிட்டு எழுந்தார்.

அன்று மாலை, மருத்துவமனை நாளுக்கு முந்திய மாலைகளில் வழக்கமாகச் செய்வதுபோல், காரைத் திருப்பி நிறுத்தினார். வீட்டின் முன்னிருந்த சந்து செங்குத்தான சரிவு. மற்ற நாட்களைப்போல் காரின் மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினால், அக்கா காரைச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு அடி நடந்து ஏற வேண்டும். மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினால், அக்காவின் கதவு கடைசிப் படியை ஒட்டி நிற்கும். உறைபனி விழத் தொடங்கி, தரை வழுக்க ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான் நிறுத்திவந்தார். கம்பளியைப் போர்த்திவிட்டு உள்ளே போனார்.

செவ்வாய்க்கிழமை, ஐந்து ஐம்பது. மஞ்சள் விளக்கு எரிந்தது. இருக்கை பின்புறம் சாய்ந்திருந்ததால் முன்கண்ணாடியில் தெருவே தெரியவில்லை. வானம் மட்டும், அதில் அணையப்போகும் ஒரு வெள்ளி. ஒரு கணம் கார் தரையைவிட்டு மேலே எழுந்துகொண்டிருப்பதாகவே அவருக்குத் தோன்றிற்று. விளக்கு அணைந்தது. செல்ஃப் எடுத்தார். எஞ்சின் திடமாகச் சுற்றியது, பற்றவில்லை. மீண்டும். பற்றவில்லை. மூன்றாம் முறையும் அதுவே.

சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் நின்ற அக்கா காரின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகையே வரலையேடா."

"என்னக்கா?"

"பின்னாடி குழாயிலதான். எப்பவும் கிளம்பறதுக்கு முன்னாடி வெள்ளையாக் கக்குமே. இப்போ ஒண்ணுமே இல்ல. ஊசியில நூல் கோக்காம மெஷினை மிதிக்கிற மாதிரி இருக்கு." ஒரு பெருமூச்சு. "சரி விடு. சொன்ன சொல் சொன்னதுதான். உள்ள வா."

அவர் திரும்பி, வீட்டுக் கதவின் பிடியில் கை வைத்தார்.

பம்பு சார் அசையவில்லை. குளிர் குற்றவாளி என்றால் டீசல் எஞ்சினுக்கு வந்திருக்கும். எரியாமல் வெண்புகையாக வெளியேறியிருக்கும். புகையே இல்லை என்றால் டீசலே வரவில்லை. எங்கே போயிற்று? கண்ணாடியில் வானம் தெரிந்தது. மூக்கு மேலே, டாங்கு பின்னால், கீழே. பம்ப்ஹவுஸில் மோட்டார் மேலே இருக்கும், கிணறு கீழே இருக்கும். கிணற்றுக் குழாயின் அடியில், ஏறிய நீரைத் திரும்பவிடாத வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும், குழாயில் ஏறி நின்ற நீரெல்லாம் இரவோடு இரவாகக் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் மோட்டார் வெறுங்காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊருக்கே நீர் ஏற்றியவருக்குச் சொந்த வாசலில் அது விளங்காமல் போயிற்று. கையில் விளக்கோடு கிணற்றில் விழுந்த கதைதான்.

"அக்கா, உள்ள போகாத! அஞ்சு நிமிஷம்!"

"ஒரு தடவைதான்னு சொன்னேன்ல?"

"அந்த ஒரு தடவை இன்னும் முடியல!"

முன்மூடியைத் திறந்து, கம்பளியை வீசி எறிந்தார். டாங்கிலிருந்து டீசலைக் கையால் இழுத்தேற்ற, பில்டரின் தலையில் ஒரு கைப்பம்பு உண்டு. அழுத்தினார், காற்றுப்போன பந்துபோல் தொளதொளவென்று அமுங்கிற்று. பத்து, இருபது, முப்பது முறை. விரல்கள் மரத்தன. நாற்பதாவது அழுத்தத்தில் கைப்பம்பு இறுகி, உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளியது. ஓடிவந்து சாவியைத் திருப்பினார். விளக்கு அணையும்வரை பொறுத்தார். அந்தப் பதினைந்து விநாடிகளில் எந்தக் கனவும் வரவில்லை. எஞ்சின் ஒருமுறை இருமியது, திணறியது, பற்றிக்கொண்டது. வெண்புகை குபுகுபுவென எழுந்து அக்காவைத் தலையோடு மூடிற்று.

"ஐயையோ! சால்வையெல்லாம் டீசல் நாத்தம்டா, பாவி!"

திட்டிக்கொண்டே படி இறங்கினார். திட்டிக்கொண்டே ஏறி அமர்ந்தார்.

சாலையில் மூடுபனி. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து, பாலில் கரைவதுபோல் பின்னால் கரைந்தன. சிறிது தூரம் சென்றபின் பம்பு சார் சொன்னார்: "தப்பு என் மேலதான்கா. மூக்கை மேட்டுப் பக்கம் வச்சு நிறுத்தினேன். எங்கேயோ காத்து இழுக்குது. ராத்திரியில டீசல் பூரா டாங்குக்கே திரும்பிப் போயிடுது."

"யாரு உன்னை மேட்டுப் பக்கம் நிறுத்தச் சொன்னா?"

"உன் கதவு படிகிட்ட வரட்டும்னுதான்."

வைப்பர் இரண்டு முறை போய்வந்தது.

"அப்போ வண்டிக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாது. அது டீசல் குடிக்கிற தகரம்."

"நல்ல தகரம்" என்று சொல்லிவிட்டு அக்கா கண்களை மூடிக்கொண்டார். மருத்துவமனை வாசல் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். ஆறு இருபத்தெட்டு. எழுப்ப மனமில்லாமல் ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு எழுப்பினார்.

அன்று பகலில் மெக்கானிக் காரணத்தைக் கண்டெடுத்தார்: டீசல் வரும் வழியில் இரண்டு அங்குல நீள ரப்பர்க் குழாய். அதில் மயிரிழை அளவு வெடிப்பு. குளிரில் ரப்பர் சுருங்கும்போது மட்டும் வாய் திறப்பது. "என் கடை சமதரை சார்! அங்க இது எப்படி மாட்டும்?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார், கண்ணாடி கீழே விழுந்தது. குழாயை மாற்றினார். அதன்பின் பம்பு சார் மூக்கை எந்தப் பக்கம் வைத்தாலும் கார் கிளம்பிற்று. பனிக்காலத்தில் மேட்டுப் பக்கமே நிறுத்தினார். "பன்னிரண்டு அடி நடந்தா நான் கரைஞ்சா போயிடுவேன்?" என்று அக்கா கேட்பார், ஆனால் ஒருநாளும் நடந்து காட்டவில்லை.

ஆறு பனிக்காலங்கள் கடந்தன. நோயாளி அக்கா, முந்திக்கொண்டவர் தம்பி. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை விடியலில், தூக்கத்திலேயே பம்பு சாரின் மூச்சு நின்றது. மறுநாள் வியாழக்கிழமை ஆறரை மணிக்கு அக்கா தம் இருக்கையில் இருந்தார். மெக்கானிக் தம் வண்டியில் அழைத்துவந்திருந்தார்.

"இன்னிக்கு நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேம்மா" என்றார் நர்ஸ்.

"வரலேன்னா எந்திரிச்சு வந்து திட்டுவான்" என்று அக்கா கையை நீட்டினார்.

பம்பு சார் கடைசியாக அந்தக் காரைக் கிளப்பியது 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பதுக்கு.