ஈரத்தோடு மூடிய டப்பா

எனக்கு எழுத்து அரைகுறைதான். பேருந்துப் பலகை படிப்பேன், ரேஷன் அட்டையில் என் பேர் எது என்று தெரியும். ஆனால் எந்த ஆபீசிலும் நான் கைநாட்டு வைத்ததில்லை.

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் கடலோரத்தில் யுரேனிய உலோகத்தைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கூடத்தில் உதவியாளர். என் மாமன் மகன் என்பதால் பாவா என்றே கூப்பிடுவேன். நான் கே.ஜி.கண்டிகையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோடு வேலை செய்தவர் ஒருவர், மணவூர்க்காரர். லீவில் இருவரும் சென்னையிலிருந்து ஒரே ரயிலில் வருவார்கள்.

இருவருக்கும் வேலை இதுதான்: உலோகத் துண்டுகளைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவைத்து, டப்பாவில் போட்டு மூடுவது. சுண்டுவிரல் அளவுத் துண்டே கையைக் கீழே இழுக்கும் என்பார் என் வீட்டுக்காரர்.

அவருக்குக் காமாலை வந்து தெளிந்ததற்கு எங்கள் மலைக்கோயிலில் அவர் புஷ்பக் காவடி எடுப்பதாக நான் வேண்டியிருந்தேன். அதுவரை போஸ்ட்மேன்தான் எனக்குக் கடிதம் எழுதித் தருவார். அந்த ஆடியில் நானே இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு கார்டு எழுதினேன். ‘கிருத்திகைக்கு வராவிட்டால் இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்.’ என் கையால் எழுதிய முதல் கார்டு. எவ்வளவு பெருமை எனக்கு!

வந்துவிட்டார். மலைப்படி முழுக்கக் காவடியோடு ஏறினார். நாலு நாள் இருந்துவிட்டுப் போனவர், மூன்றாம் நாளே திரும்பி வந்து வாசலில் செருப்போடு நின்றார்.

“இன்னா பாவா, சொல்லாம கொள்ளாம?”

“மணவூரான் கை வெந்துபூட்ச்சு. நான் இல்லாதப்போ என் டப்பாவத் தொறந்தான். கட்டுப் போட்டு ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

கிருத்திகைக்கு வர ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் துண்டுகளைக் காயவைக்காமல் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கி மூடிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு விளங்கவில்லை. இறுக்கி மூடினால் நல்லதுதானே?

“அதாம்மே தப்பு. தண்ணி அந்த லோகத்தத் தின்னும். தின்னும்போது ஹைட்ரஜன்னு ஒரு வாயு கெளம்பும். தொறந்து கெடந்தா அது போயிடும், லோகம் கறுத்துப்போறதோட சரி. மூடிட்டா போக வழியில்ல. அதுவும் சேந்து தின்னும். லோகம் கறுப்புப் பொடியாயிடும். அந்தப் பொடி காத்து பட்டாலே பத்திக்கும்.”

மறுநாள் இருவரும் மணவூருக்குப் போனோம். மணவூர்க்காரருக்கு வலது கை முழுக்கக் கட்டு. அப்படியும் அவர் சிரித்தார். “வாங்க அண்ணி. பிரசாதம் எடுத்தாந்தீங்களா? ஊட்டி வுடணும், பரவால்லியா?”

பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார். “நான்தான் ஈரத்தோட மூடினேன்னு ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன். இந்தக் கைய வெச்சிகினு எனக்கு எப்படியும் வேல இல்ல. ரெண்டு பேர் வேலையும் போவணுமா?”

அவர் மனைவி தண்ணீர்ச் சொம்பை என் முன்னால் வைத்தார். “காவடி நல்லா நடந்துச்சா அக்கா?”

“ஆங், நல்லா நடந்துச்சு” என்றேன். சொம்பைத் தொடாமலே எழுந்தேன்.

ஸ்டேஷனுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர் நின்றார். “உண்மைய எழுதிக் குடுத்துடட்டுமா? தப்பு அவனுதில்லன்னு ஆனா, ஆபீசுல எதனா ஒரு சின்ன வேலையாவது குடுப்பாங்க.”

சம்பளத்துக்குப் பயந்து நான் பேசினேன் என்றால் பொய். ஊரில் என்னை ‘கவர்மென்ட் சம்சாரம்’ என்பார்கள். அது போய்விடுமே என்றுதான்.

“அவரே சொல்லிட்டாரு இல்ல? பேசாம வாங்க” என்றேன்.

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மணவூர்க்காரருக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ரயிலில் ஏறவில்லை. ஓய்வு பெறும்வரை பேருந்துதான். “ரயில்ல சுருக்க வரலாமே” என்று ஒருமுறை கேட்டேன். “மணவூர்ல நிக்குமே” என்றார்.  என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கார்டுக்குப் பிறகு நானாக உட்கார்ந்து எழுதுவது இதுதான். மணவூரில் எனக்குத் தண்ணீர் வைத்த அந்த அம்மா இன்னும் இருந்தால், யாராவது இதைப் படித்துக் காட்டட்டும். டப்பாவை மூடியவர் என் வீட்டுக்காரர். அவரை அவசரமாக வரவழைத்தவள் நான். உண்மையைச் சொல்ல விடாதவளும் நான்.

காவடி நல்லபடியாக நடக்கவில்லை அம்மா.