தப்பித்துக்கொண்டவர்

சூளகிரிப் பக்கம் மூன்று ஏக்கரில் ராகி போடுகிற சென்னப்பன், சொன்ன சொல் மாறாத ஆள் என்று பெயர் எடுத்தவர். வருஷா வருஷம் ஓசூர்த் தேருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய், புளியந்தோப்பில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்குவார். வண்டிக்கு அடியில் படுக்கை, மூன்று கல் கூட்டி அடுப்பு. இறங்கியதும் வேலையைப் பிரித்துவிடுவார். தண்ணீர் மகள் ருக்மணிக்கு, சுள்ளி மகன் கோவிந்தனுக்கு, சமையல் மனைவி ஜோதியம்மாளுக்கு. மாடுகள் அவருக்கு.

"அவங்கவங்க வேலய அவங்கவங்க பாக்கணும். விட்டவங்களுக்குப் படம் கெடையாது" என்பார்.

படம் என்றால் டூரிங் கொட்டகையில் ஒரே ஒரு ஆட்டம், மூன்றாம் நாள். பிள்ளைகள் வருஷமெல்லாம் காத்திருப்பது அதற்குத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம், முதல் நாளே எட்டு வயது ருக்மணி பொம்மைக் கடை முன்னால் நின்று குடத்தை மறந்துவிட்டாள். உலை வைக்கத் தண்ணீர் இல்லை.

"உனக்குப் படம் கெடையாது, போ."

அவள் அழவில்லை. காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவருக்கு என்னமோபோல் இருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் சாயங்காலம் தாயும் பிள்ளைகளும் கோயிலுக்குப் போனார்கள். கொட்டகையில் ரிக்கார்டு பாடியது. ஒரு ரீல் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாமென்று மாடுகளைக் கட்டிப்போட்டுப் போனவர், மணலில் உட்கார்ந்து மூன்று ரீல் பார்த்துவிட்டார்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். மைக்கில் கொட்டகைக்காரர் பேசினார். கன்னடக்காரர், அவர் தமிழுக்குள்ளும் கன்னடம்தான் இருக்கும்.

"சூளகிரி சென்னப்பன் அவுரு தப்பிச்சுக்கொண்டிருக்காரு. மகள் ருக்மணி கேட் அண்ட அழுதுகிட்டு நிக்கிது. எங்க இருந்தாலும் வரணும்."

காணாமல் போய்விட்டார் என்பதைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி விழுந்தது.

"யாருகிட்டருந்துய்யா தப்பிச்சாரு? பொண்டாட்டிகிட்டருந்தா?"

"ஜெயில்லருந்து கியில்லருந்து வந்திருக்கப் போறாரு, பாத்துக்கங்கப்பா!"

கொட்டகையே சிரித்தது. சென்னப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்தால் அத்தனை கண்ணும் அவர்மேல். துண்டை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்தவன் திரும்பிப் பார்த்தபோது, அவனோடு சேர்ந்து அவரும் சிரித்தார். விளக்கு அணைந்ததும் டென்ட் துணியைத் தூக்கிப் பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியேறினார்.

தோப்பில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஜோதியம்மாள் பிள்ளைகளோடு வந்தாள்.

"எங்க போயிட்டீங்க? கோயில்லருந்து வந்து பாத்தா ஆளக் காணோம். இவ பயந்துபோயி மைக்குல சொல்லவே வெச்சிட்டா."

"காள கயித்த அறுத்துக்கிட்டு ஓடிச்சி. தேடிக்கிட்டுப் போனேன்."

ருக்மணி காளையிடம் ஓடினாள். கழுத்திலிருந்து முளைவரைக்கும் கயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"எந்த எடத்துலப்பா அறுந்துச்சி?"

ஜோதியம்மாள் கயிற்றைப் பார்த்தாள், அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் போனாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் சென்னப்பன் யார் முகத்தையும் பாராமல் சொன்னார்: "நீங்க மூணு பேரும் படத்துக்குப் போங்க. ருக்குவும் போவட்டும். மாட்ட நான் பாத்துக்கறேன்."

"நான் வரலம்மா" என்றாள் ருக்மணி. "அப்பா மறுபடியும் தப்பிச்சிக்கிட்டா?"

கோவிந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். சென்னப்பன் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த முளைக்கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டத் தொடங்கினார்.